சங்கிலி போன வீடுகள்

ஆற்றுத் தண்ணீர் வருகிற காலையில் குழாய் முதலில் காற்றைத்தான் விடும், கோபித்துக்கொண்ட மாதிரி புஸ்ஸென்று, பிறகு கலங்கலாக ஒரு வாய் துப்பும், அதற்கப்புறம்தான் தண்ணீர். எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற மகாராணி, பிகு இல்லாமல் எப்படி வருவாள். அதற்குள் காம்பவுண்டின் பத்து வீட்டுக் குடங்களும் வரிசை கட்டிவிட்டன. தவமணியின் நீலக்குடம் நாலாவது, ஆனால் அவள் பார்வை நீலத்தில் இல்லை, கடைசியில் நிற்கிற பச்சைக் குடத்தில் இருந்தது, பத்தாம் வீட்டுப் பேச்சிக்கனியின் குடம். அவள் புருஷன் சுடலைமுத்து ஐந்தரைக்கே கொண்டுவந்து வைத்துவிட்டு சாயப்பட்டறை ஷிப்டுக்குப் போய்விட்டான். குடம் வந்துவிட்டது, ஆளைக் காணோம், கதவும் திறக்கவில்லை, திறக்கட்டும், முன்னால் இன்னும் ஒன்பது குடம் இருக்கிறதே. இன்றைக்கு இருபத்தைந்தாவது நாள். அந்தக் கதவைத் திறந்துகொண்டு வருகிறவளின் இரண்டு கன்னமும் ஒன்றுபோல இருந்துவிட்டால் போதும், தவமணி ஜெயித்தாள். ஒரு பக்கம் உப்பியிருந்தால், பிள்ளைத்தாய்ச்சி, கல்யாணமாகி ஏழு வருஷம், இரண்டு கலைந்ததற்கு அப்புறம் இப்போதுதான் தங்கியிருக்கிறது, அதற்கு மேல் நினைக்க வேண்டாம். அதற்கு மேல் நினைத்துத்தான் இருபத்துநாலு நாள் தூக்கம் கெட்டது.

முதல் குடம் ஒன்றாம் வீட்டு நாச்சம்மாளுடையது. குனிந்து குடத்தை வைத்தபோது தவமணி அவள் காதுக்குக் கீழே பார்த்தாள், இடது பக்கம், வலது பக்கம், தாடை மூலை எலும்பு தெரிகிறதா, காது மடல் மேலே தூக்கிக்கொண்டிருக்கிறதா. வீக்கம் வந்தால் அந்த மூலைதான் முதலில் காணாமல் போகும். "ஏனம்மிணி, என்ற மூஞ்சீல என்னத்தப் பாக்கறே, படமா ஓடுது?" என்றாள் நாச்சம்மாள். ஓடினால் நன்றாகத்தான் இருக்கும், அதில் வில்லன் யாரென்று தவமணிக்குத் தெரியும், வில்லனை அவளே மூன்று பவுனில் கழுத்தில் போட்டுக்கொண்டு அலைந்தாள். அதை ஊரெல்லாம் கொண்டுபோகச் சொன்ன புண்ணியவதி இதே நாச்சம்மாள்தான். ரெண்டாம் வீட்டுத் தர்ஷினிக்கு பள்ளிக்கூடத்திலிருந்து காய்ச்சலும் தாடை வீக்கமுமாக வந்தபோது, "இது பொன்னுக்கு வீங்கி, பொன்னப் போட்டா வடிஞ்சுரும், தவமணிகிட்டக் கேளுங்க கண்ணு" என்று திருவாய் மலர்ந்தாள். காம்பவுண்டில் மற்றவர்கள் கழுத்தில் மஞ்சள் கயிறும் கவரிங்கும்தான். தவமணியிடம் இருந்தது முறுக்குச் சங்கிலி, மயில் டாலர் வைத்தது, ஆண்டிபட்டியிலிருந்து திருப்பூருக்கு பஸ் ஏறிய அன்று ரவிக்கைக்குள் ஊக்குப் போட்டு மறைத்துக் கொண்டுவந்தது. கேட்டதும் கழற்றிக் கொடுத்தாள். கொடுத்தபோது எவ்வளவு பெருமை, பொய் சொல்ல வேண்டாம், பெருமையில் அவள் தாடையே கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது. நாலு நாளில் வீக்கம் வடியத் தொடங்கியது, வாரத்தில் பிள்ளை விளையாடப் போய்விட்டாள். சங்கிலி போடாவிட்டாலும் அது வாரத்தில் வடிந்திருக்கும், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை, ஆனால் அன்றைக்குக் காக்கைக்குத்தான் காம்பவுண்டே மாலை போட்டது.

மாலை போட்டதோடு விட்டார்களா. அஞ்சாம் வீட்டுக்காரி, "வந்தப்புறம் போடறதுக்கு வர்றதுக்கு முன்னாலயே போட்டா என்ன?" என்று கேட்டாள், கேட்டவளுக்கு மூளை என்று எல்லோரும் மெச்சினார்கள், தர்ஷினி கழுத்திலிருந்து கழற்றி நேரே அஞ்சாம் வீட்டுப் பையன் கழுத்தில் போட்டார்கள், துடைக்கக்கூட இல்லை, தங்கத்துக்கு ஏது தீட்டு. அவன் டாலரை வாயில் போட்டுச் சப்பிக்கொண்டே இரண்டு நாள் திரிந்தான். பதினேழாம் நாள் அவனுக்கு வீங்கியது. யாராவது யோசித்தார்களா, யோசித்தார்கள், "ரெண்டு நாள் போட்டது பத்தல, நாலு நாள் போட்டிருக்கணும்" என்று யோசித்தார்கள். அங்கிருந்து முன்னெச்சரிக்கையாக ஏழாம் வீட்டுக்கு நாலு நாள். பதினாறாம் நாள் ஏழில் அக்காளுக்கும் தம்பிக்கும் சேர்ந்தே வீங்கியது. அங்கிருந்து எட்டாம் வீட்டுக்கு, எட்டிலிருந்து ஒருவழியாகத் தவமணியின் கழுத்துக்கு. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டு குத்துதே குடையுதே என்பார்கள், இவர்கள் கழுத்திலேயே கட்டிக்கொண்டார்கள். தவமணியும் வாங்கியதை அப்படியே மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள். அவளுக்கு ஒரு பழக்கம், பனியன் செக்கிங் டேபிளில் நின்றுகொண்டே பீஸைப் புரட்டும்போது டாலரைப் பல்லில் கடித்துக்கொள்வாள், கவனம் குவிய வேண்டுமென்றால் மயிலின் வாலைக் கடித்தாக வேண்டும். அந்த வாலில் ஒரு புதன்கிழமை சின்னச் சின்னப் பல் தடங்களைப் பார்த்தாள். அவள் பல் அவ்வளவு சின்னதில்லை.

அந்தப் புதன்கிழமையை நினைத்துக்கொண்டிருப்பதற்குள் குடம் மூன்று நகர்ந்துவிட்டது, மூன்றாம் வீட்டு ஒடிசாக்காரர்கள் நாலு பேரும் ஆளுக்கொரு கேனோடு நிற்கிறார்கள், நாலு பேர் கன்னமும் ஒட்டிப்போய்ச் சுத்தமாக இருக்கின்றன, இந்த நாலு பேர் கன்னம்தான் அன்றைக்கு அவளுக்கு வழி காட்டியது. அன்று காலை எட்டாம் வீட்டில் பிள்ளைக்கு வீங்கியிருந்தது. கம்பெனியில் அதே நேரம் ஆயில் கறை, தோளில், ஒரே இடத்தில், பீஸ் பீஸாக வந்துகொண்டே இருந்தது. சூப்பர்வைசர் துணி சரியில்லை என்றான், இன்னொருவன் அயர்ன் டேபிள் என்றான். தவமணி அம்புக்குறி ஸ்டிக்கரை ஒவ்வொரு கறையிலும் ஒட்டி, ஒட்டினதை ஒரு பக்கம் அடுக்கி, பண்டில் சீட்டுகளைப் புரட்டினாள். கறை உள்ள பண்டில் எல்லாம் ஆறாம் நம்பர் ஓவர்லாக் தையல் மிஷின் வழியாக வந்தவை. அது போதாது, அவள் பதினெட்டு வருஷம் செக்கிங்கில் நின்றவள், நல்ல பீஸையும் பார்க்க வேண்டும், கறை இல்லாத பண்டில் ஒன்றுகூட ஆறாம் நம்பர் பக்கம் போயிருக்கக் கூடாது, பார்த்தாள், போகவில்லை, அவ்வளவுதான், பிடித்தாள். பிடித்த சந்தோஷத்தில் டாலரைக் கடிக்க வாய்க்குக் கொண்டுபோனபோதுதான் அந்தப் பல் தடம். கை அப்படியே நின்றது. ரெண்டு, அஞ்சு, ஏழு, எட்டு. வீங்கின வீடு எல்லாம் சங்கிலி போன வீடு. சரி, நல்ல பீஸ் எங்கே? மூன்றாம் வீடு, பத்துக்குப் பத்து அறையில் நாலு ஆம்பளைகள், ஒரே தட்டில்கூடச் சாப்பிடுவார்கள், பொன்னுக்கு வீங்கி என்றால் என்னவென்றே தெரியாது, சங்கிலி கேட்கவில்லை, வரவில்லை. ஒன்பதாம் வீட்டுக்காரி தவமணியோடு துணிக்கொடிச் சண்டையில் பேச்சை நிறுத்தியவள், ரோஷத்தில் கேட்கவில்லை, அவள் வீட்டில் மூன்று வாண்டுகள், மூன்றும் கல்லுக்குண்டு. ஒன்று, ஆறு, பத்து, அங்கேயும் சங்கிலி போகவில்லை, வீக்கமும் இல்லை. தவமணி யார் யாருக்கு நல்லது செய்தாளோ அவர்களுக்கெல்லாம் சீக்கு, அவளைத் திட்டினவளுக்குச் சுகம். இதைக் கண்டுபிடித்ததற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் ஆறாயிரம் பீஸுக்கு நடுவில் நின்றாள்.

அன்று சாயங்காலம்தான் பேச்சிக்கனி வந்தாள். நினைப்பு எங்கே சுற்றினாலும் இந்த வாசலில் வந்து முட்டிக்கொள்கிறது, நிலைப்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக அவள் நின்றது, மூச்சு வாங்கியது. "எக்கா, எட்டாம் வீட்டுலயும் வந்துட்டாம்லா. அவங்க கேக்கதுக்கு முன்ன எனக்கு ஒரு ரெண்டு நாளு தாரியா. வயித்துப் பிள்ளைக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுல்லா." எவ்வளவு நம்பிக்கையோடு கையை நீட்டினாள். "வேணாம்டி, அந்தச் சங்கிலிதான் சீக்கக் கொண்டுவருது" என்றாள் தவமணி. எப்படிச் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கவில்லை, பண்டில், ஆறாம் நம்பர், ஒடிசாக்காரன் என்று என்னென்னவோ உளறினாள். பேச்சிக்கனி கேட்டுக்கொண்டே நின்றாள், முகம் மெதுவாக மாறியது. "ஊருக்கெல்லாம் குடுத்த. எனக்குன்னா மட்டும் சீக்கு வந்துருதோ. நகையில மனசு இருக்குன்னு நேராச் சொல்லிட்டுப் போயேன்." தவமணிக்குக் கோபம் வந்தது, கிட்டப் போய், தோளைப் பிடித்து, முகத்துக்கு முகம் வைத்து, உன் நல்லதுக்குத்தான்டி, பிள்ளை பிழைக்கணும்டி, பத்திரமா இருடி, ஐயோ, எத்தனை ப. தவமணிக்கு முன்பல்லில் சந்து, வேகமாகப் பேசினால் எச்சில் தெறிக்கும், அவள் புருஷன் வீரணன் சண்டையின்போது துண்டால் முகத்தைத் துடைத்துக் காட்டுவான். பேச்சிக்கனியும் போகும்போது முந்தானையால் கன்னத்தைத் துடைத்தாள், அழுகையைத் துடைத்தாளா, எச்சிலைத் துடைத்தாளா. மறுநாள் வியாழக்கிழமை விடிந்தபோது தவமணியின் இடது தாடை மூலையைக் காணோம்.

சுகாதார நிலையத்து நர்ஸ் சகாயமேரி வந்து பார்த்தாள். தவமணி காலண்டரைக் காட்டினாள், எந்த வீட்டில் என்றைக்கு என்று அம்பு ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாள். சகாயமேரி ஸ்டிக்கர் ஸ்டிக்கராக விரலை வைத்துக்கொண்டே போனாள். "நாங்க ஊர்ஊரா நோட்டு வெச்சுக்கிட்டு செய்யற வேலைம்மா இது. நீங்க டேபிள்ல நின்னுக்கிட்டே முடிச்சிட்டீங்க." அப்போது தவமணிக்கு வாயைத் திறந்து சிரிக்கக்கூட முடியவில்லை, தாடை அப்படி வலித்தது, ஆனாலும் உள்ளே சிரித்தாள், அந்த வாக்கியத்தை இன்றுவரை தினம் ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொள்கிறாள். இது வைரஸ் என்றாள் சகாயமேரி, எச்சிலில் போகும், இருமினால் தும்மினால் கிட்ட நின்று பேசினால் மூச்சில் போகும், குடித்த டம்ளரில், சப்பின டாலரில் போகும், அதைக் கொல்ல மருந்து என்று கிடையாது, உடம்புதான் அடித்து விரட்ட வேண்டும், காய்ச்சலுக்கு மாத்திரை, நிறையத் தண்ணீர், மெல்ல வேண்டாத கஞ்சி, ஓய்வு, வீங்கினதிலிருந்து அஞ்சு நாள் யார் பக்கத்திலும் போகக் கூடாது. கடுமையாகத் தலை வலித்தாலோ கழுத்து விறைத்தாலோ காது மந்தமானாலோ உடனே பெரிய ஆஸ்பத்திரி. பெரிய ஆம்பளைகளுக்கு வந்தால் கீழேயும் வீங்கும் என்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள். மூலையில் நின்ற வீரணன், தனக்கு எட்டு வயதிலேயே வந்துபோய்விட்டதாக மூன்று தடவை சொன்னான், யாரும் கேட்காமலே. எல்லாம் சரி. அதற்கப்புறம் சகாயமேரி சாதாரணமாக, பையை மூடிக்கொண்டே சொன்னாள், "வீக்கம் தெரியறதுக்கு ரெண்டு நாள் முன்னாலயே மத்தவங்களுக்குப் பரவ ஆரம்பிச்சுரும்." தவமணி விரலை மடக்கினாள். வியாழன், புதன். சங்கிலியைக் கொடுக்காமல் வாயைக் கொடுத்துவிட்டேனா. "உள்ள போனா எத்தன நாள்ல தெரியும்?" பதினாறு பதினெட்டு நாள், சீக்கிரமென்றால் பன்னிரண்டு, எவ்வளவு தள்ளிப்போனாலும் இருபத்தைந்து. "பிள்ளைத்தாய்ச்சிக்கு?" சகாயமேரி பையை மறுபடி திறந்தாள். வந்தாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது என்றாள், ஆனாலும் மூன்றாம் மாதத்தில் எதற்கு வம்பு, நான் போய்ப் பார்த்துச் சொல்கிறேன் என்றாள். பெரும்பாலும் என்ற சொல்லைப் போல ஒரு முள் உண்டா.

அந்த முள்ளோடுதான் இருபத்தைந்து நாள். அஞ்சு நாள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு, தனி டம்ளர், தனித் துண்டு, வலது தாடையும் சேர்ந்துகொண்டு, முகம் பூசணிக்காய் மாதிரி ஆகி, கஞ்சியை உறிஞ்சினால்கூட காதுக்குள் ஊசி இறங்கியது. பக்கத்து வீட்டில் ரசம் தாளிக்கிற வாசம் வந்தால் போச்சு, புளிப்பை நாக்கு தொட வேண்டாம், நினைத்தாலே வாய் ஊறி, ஊறின இடத்தில் உயிர் போகும். அப்போது ஜன்னல் வழியாகக் கத்தினாள், அடைத்த தொண்டையோடு ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, சங்கிலி இனிமேல் எங்கும் வராது, எட்டாம் வீட்டுப் பிள்ளைக்கும் கிடையாது, அவரவர் டம்ளர் அவரவருக்கு, வீங்கின பிள்ளை பள்ளிக்கூடம் போகக் கூடாது. நாச்சம்மாள்தான் முதலில் அடங்கினாள், வீரணன் காலண்டரைக் கொண்டுபோய்க் காட்டினதும் பொன்னை நம்பினவள் ஸ்டிக்கரையும் நம்பினாள். பன்னிரண்டாம் நாள் எந்த வீட்டிலும் இல்லை. பதினேழு, பதினெட்டு, இல்லை. எட்டாம் வீட்டோடும் அவளோடும் நின்றுவிட்டது, தவமணி நிறுத்திவிட்டாள், ஆறாம் நம்பர் மிஷினை ஆஃப் பண்ணினாள். சகாயமேரி பத்தாம் வீட்டுக்குப் போய்வரும்போதெல்லாம் "நல்லா இருக்காங்க" என்றாள், கடைசியாக வந்து பத்து நாள் ஆகிறது. பேச்சிக்கனி மட்டும் பேசவில்லை, எதிரில் வந்தால் திரும்பிக்கொள்வாள், திரும்பிக்கொள்வதில் ஒரு கன்னம்தான் தெரியும், இன்னொரு கன்னம், அந்த இன்னொரு கன்னம். நேற்று சனிக்கிழமைச் சந்தையில் தவமணி கிளிமூக்கு மாங்காய் பார்த்தாள். வாங்கி, வீட்டுக்கு வருகிற வரை பொறுக்காமல் தெருவிலேயே முந்தானையில் துடைத்துக் கடித்தாள். பல் கூசியது, கண் சுருங்கியது, தாடை, தாடை ஒன்றும் சொல்லவில்லை. நடுத்தெருவில் நின்று முழு மாங்காயையும் தின்றாள், எதிரில் வந்த பஸ்காரன் ஹாரன் அடித்தான், அடிக்கட்டும், என் தாடை என்னிடம் திரும்பிவிட்டது. திரும்பிப் போய் இன்னும் நாலு வாங்கினாள்.

அந்த நாலும் இப்போது கீற்றுக் கீற்றாக, உப்பும் மிளகாய்ப்பொடியும் போட்டு, எவர்சில்வர் தட்டில், குழாயடியில், அவள் கையில் இருக்கின்றன. குடம் நிறைத்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள், அவள் எடுத்தவர்களின் வாயையே பார்த்தாள், ரெண்டாம் வீடு கடித்தது, அஞ்சாம் வீடு கடித்தது, ஒடிசாக்காரன் ஒருவன் மூன்று எடுத்தான், ஒன்பதாம் வீட்டுக்காரிகூட ரோஷத்தை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் எடுத்தாள், எவர் கையும் காதைப் பொத்தவில்லை. ஒன்பதாவது குடம் நிறைந்தது. பச்சைக் குடத்தை யாரும் நகர்த்தவில்லை. தவமணியே நகர்த்தி வைத்தாள். பத்தாம் வீட்டுக் கதவு திறந்தது. பேச்சிக்கனி வந்தாள், முந்தானையால் மூக்கிலிருந்து தாடை வரை மூடி, காதோரம் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஏன் மூடியிருக்கிறாள், கையை ஏன் அங்கே வைத்திருக்கிறாள், வலிக்கிற பக்கத்தில்தான் கை போகும், தன் கையும் அன்று அங்கேதான் போனது, கண் வாடியிருக்கிறது, காய்ச்சலா, இருபத்தைந்தாம் நாளில் வருமா, எவ்வளவு தள்ளிப்போனாலும் என்றாளே, இன்றைக்கு இருபத்தைந்து முடியவில்லையே, சாயங்காலம்தானே முடியும், கடவுளே, பல் சந்தை அடைத்திருக்கலாமே, தோளைப் பிடிக்காமல் இருந்திருக்கலாமே. பத்தடி தூரம். அந்தப் பத்தடியில் தவமணி ஜெயித்ததெல்லாம் போய்விட்டது, காலண்டர் போய்விட்டது, சகாயமேரி சொன்ன வாக்கியம் போய்விட்டது. தட்டை நீட்டினாள், மிளகாய்ப்பொடி சிந்தியது. சொல்ல நினைத்தது என்னென்னவோ. "மாங்கா" என்று மட்டும் வந்தது.

பேச்சிக்கனி தட்டைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். "குளோரின் நாத்தம் கொடலப் பொரட்டுது" என்றாள் முந்தானைக்குள்ளிருந்து, யாரிடம் என்றில்லாமல். பிறகு முந்தானையை விட்டாள். இரண்டு தாடை மூலையும் இருந்தன, வலது இருந்தது, இடது இருந்தது, காது மடல்கள் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன, கொஞ்சம் இளைத்திருந்தாள், மசக்கை. ஆனால் தவமணி செக்கிங்கில் இருப்பவள், கண்ணை மட்டும் நம்ப மாட்டாள், தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றாள். பேச்சிக்கனி பெரிய கீற்றாகத் தேடி எடுத்தாள், மிளகாய்ப்பொடியில் இன்னொருமுறை புரட்டினாள், கடித்தாள். கறுக்கென்ற சத்தம் ஒன்றாம் வீடு வரை கேட்டிருக்கும். மென்றாள், கண்ணை மூடிக்கொண்டு நிதானமாக மென்றாள், விழுங்கினாள், அடுத்ததற்குக் கை நீட்டினாள். கை காதுப் பக்கம் போகவில்லை.

"பாஸ்" என்றாள் தவமணி, கம்பெனியில் சொல்கிற அதே குரலில், கொஞ்சம் அதிகமாகவே சத்தமாக.

"என்னக்கா?"

என்னக்கா. இருபத்தைந்து நாளுக்கு அப்புறம் அக்கா. தவமணிக்குக் கண்ணில் நீர் வந்தது, மிளகாய்ப்பொடி என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் சொல்லவில்லை, வந்ததை வரவிட்டு நின்றாள். "ஒண்ணுமில்லடி. நீ தின்னு."

பேச்சிக்கனி தின்றாள். நாலாவது கீற்றில் நிமிர்ந்து, "நர்ஸம்மா எல்லாத்தையும் சொன்னாவ. அன்னைக்கே வந்து பேசியிருக்கணும். எனக்குத்தான் முகமில்ல" என்றாள். பச்சைக் குடம் நிறைந்ததும் தவமணி அதைத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள், பிள்ளைத்தாய்ச்சி தூக்கக் கூடாது. இரண்டு பேருமாகப் பத்தாம் வீட்டை நோக்கி நடந்தார்கள், ஒருத்தி குடத்தோடு, ஒருத்தி தட்டோடு. பாதி வழியில் பேச்சிக்கனி மென்றுகொண்டே கேட்டாள்.

"ஏழாம் மாசம் வளகாப்புக்கு அந்தச் சங்கிலியத் தருவியாக்கா?"

"சோப்புப் போட்டுக் கழுவித் தர்றேன்" என்றாள் தவமணி. "டாலர மட்டும் வாயில வைக்காத."